டாட்டூ போடுபவரின் படங்களைப் பார்த்தது போதும், கையைப் பாருங்கள்

டாட்டூ போட்டுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் டிசைன் தேடுவதற்கு மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். யாரிடம் போடுவது என்பதை மட்டும் நாலு படத்தைப் பார்த்துச் சட்டென்று முடிவு செய்துவிடுகிறார்கள். டிசைனைப் பிறகுகூட மாற்றி வரையலாம், ஆனால் ஊசி போன ஆழத்தை மாற்ற முடியாது. தோலின் மேல் அடுக்கைத் தாண்டி அடுத்த அடுக்கில், ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் மை போய் உட்கார வேண்டும். அதற்கு மேலேயே நின்றுவிட்டால் தோல் உரியும்போது மையும் சேர்ந்து போய்விடும். இன்னும் கீழே இறங்கிவிட்டால் கோட்டைச் சுற்றி நீலமாகக் கசிந்து, ஓரம் மங்கி நிற்கும். உடம்பில் ஒவ்வொரு இடத்திலும் தோலின் தடிமன் வேறு வேறு என்பதால் இந்த அளவு கைப்பழக்கத்தில்தான் வரும்.

அதனால் ஒரு கலைஞரின் வேலையைப் பார்க்கும்போது, போட்டு முடித்த அன்றைக்கு எடுத்த படங்களை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். அன்றைக்கு எல்லா டாட்டூவும் பளபளவென்று கருகருவென்றுதான் இருக்கும். "ஆறி ஒரு வருஷம் ஆன படம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். நல்ல கலைஞர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், ஆர்வமாக எடுத்துக் காட்டுவார். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, நீளமான கோடுகள் நடுங்காமல் போகின்றனவா, வட்டம் தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்கிறதா, சின்ன எழுத்துகளுக்குள் இருக்கும் இடைவெளி அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், உங்களுக்கு வேண்டிய பாணியில் அவர் நிறையச் செய்திருக்க வேண்டும். முகங்களை அச்சு அசலாகப் போடுபவர் மெல்லிய கோட்டு வேலையிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உரிமம் தேவைப்படும் இடமாக இருந்தால் அதைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். ரத்தம் வழியாகப் பரவும் நோய்கள் பற்றிப் பயிற்சி எடுத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஆனால் உரிமம் பெரும்பாலும் சுகாதாரத்தைப் பற்றித்தான் பேசும், வரையத் தெரியுமா என்பதைப் பற்றி அல்ல, எனவே இரண்டையும் தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

சுகாதாரத்தைச் சோதிக்க நேரில் போவதைத் தவிர வழியில்லை. முன்பதிவு செய்வதற்கு முன்பே ஒரு தடவை போய், வேறொருவருக்கு அவர் எப்படித் தயார் செய்கிறார் என்று அனுமதி கேட்டு நின்று பாருங்கள். ஊசியோ, ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜோ, மூடி ஒட்டிய உறையிலிருந்து உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், உறையின் மேல் காலாவதித் தேதி இருக்க வேண்டும். மையைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், பாட்டிலுக்குத் திரும்பப் போகக் கூடாது. நான் முக்கியமாகக் கவனிக்கச் சொல்வது கையுறையைத்தான். வேலைக்கு நடுவில் போன் அடிக்கிறது, அதே கையுறையோடு போனை எடுத்துத் திரையைத் தள்ளிவிட்டு, அதே விரலால் திரும்பத் தோலைத் துடைக்கிறார் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் சரி.

திரும்பப் பயன்படுத்தும் உலோகக் கருவிகள் இருந்தால் ஆட்டோகிளேவ் வேண்டும், அதாவது அழுத்த நீராவியில் சுமார் 121 டிகிரி செல்சியஸில் கிருமி நீக்கும் இயந்திரம். நீல விளக்கு எரியும் புற ஊதாக் கதிர்ப் பெட்டி அதற்கு ஈடாகாது. ஹெபடைட்டிஸ் பி, சி போன்றவை கிருமி நீக்காத கருவி வழியாகப் பரவக்கூடியவை என்பதால் இதைக் கேட்கக் கூச்சமே வேண்டாம்.

மையைப் பற்றியும் கேளுங்கள், ஏனென்றால் சுத்தமான கடையிலும் மை வழியாகத் தொற்று வரலாம். 2011இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஒரே கலைஞரிடம் போட்டுக்கொண்ட பலருக்குத் தோலில் சிவந்த தடிப்புகள் வந்தன. தேடிப் பார்த்தபோது, தயாரிப்பாளரே நீர்க்கச் செய்து விற்ற சாம்பல் நிற மையில் மைக்கோபாக்டீரியா என்ற கிருமியில் ஒருவகை இருந்தது தெரிந்தது. கடையிலேயே மையை நீர்க்கச் செய்தால் கிருமி நீக்கிய நீரில்தான் செய்ய வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது, கேனில் வரும் குடிநீரும் கூடாது.

"இவ்வளவு சின்னதாகப் போட்டால் சில வருஷத்தில் எழுத்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், பெரிதாக்கலாம்" என்றோ, "மச்சத்தின் மேல் போட மாட்டேன்" என்றோ சொல்லும் கலைஞரை விட்டுவிடாதீர்கள். வருமானம் போனாலும் பரவாயில்லை என்று முடியாததை முடியாது என்கிறார். நீங்களும் சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, தழும்பு தடித்து வளரும் உடல்வாகு, கர்ப்பம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடித்துவிட்டுப் போகாதீர்கள்.

சரி, போட்டாகிவிட்டது. இனி அது ஆறும் வரை ஒரு திறந்த காயம். மேலே ஒட்டும் மெல்லிய மருத்துவப் படலம் போட்டு அனுப்பினால் அவர் சொன்ன நாள் வரை விடுங்கள். ஓரம் பிரிந்து தண்ணீர் உள்ளே போனாலோ, தோல் அரித்துச் சிவந்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் சுற்றுத்தாள் என்றால் சில மணி நேரம் போதும். பிறகு கையை நன்றாகக் கழுவிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் வாசனை இல்லாத சோப்பும் கொண்டு விரல் நுனியால் மட்டும் கழுவுங்கள். முதல் நாளில் வழுவழுப்பாக, மையும் நிணநீரும் கலந்து ஒன்று வழியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் காய்ந்து பொருக்காகாமல் கழுவி எடுத்துவிடுங்கள். துவாலை வேண்டாம், காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். அப்புறம் களிம்பு. இதில்தான் நிறையப் பேர் அதிகமாக அப்பிவிடுகிறார்கள். தோல் லேசாக மின்ன வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் பூசினால் காற்றுப் படாமல் தோல் ஊறிப்போய்ப் பொருக்கு மென்மையாகி உரிந்து வரும், கூடவே மையும் வரும். இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு வாசனை இல்லாத லோஷனுக்கு மாறிக்கொள்ளலாம்.

முதல் வாரக் கடைசியில் தோல் உரியத் தொடங்கும், அரிப்பும் தாங்காது. சொறியவும் கூடாது, தொங்கும் தோலைப் பிய்க்கவும் கூடாது. உள்ளங்கையால் மெதுவாகத் தட்டினால் கொஞ்சம் அடங்கும்.

நீச்சல்குளம், கடல், ஆறு, குளியல் தொட்டி எதிலும் குறைந்தது இரண்டு மூன்று வாரத்துக்கு இறங்காதீர்கள். டாட்டூ போட்டு ஐந்தே நாளில் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய ஒருவர், கடல்நீரில் இருக்கும் விப்ரியோ கிருமி தாக்கி இறந்துபோனது 2017இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தது. குளிக்கலாம், ஊறத்தான் கூடாது. வெயிலில் போவதாக இருந்தால் தளர்வான துணியால் மூடுங்கள். முழுக்க ஆறிய பிறகுதான் சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல்.

முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் வலியும் இயல்பு, நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். குறையாமல் கூடினாலோ, சூடாகி வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிவப்புக் கோடு டாட்டூவிலிருந்து வெளியே ஓடினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், கலைஞருக்குப் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். குறிப்பிட்ட ஒரு நிறம் மட்டும் தடித்து அரித்தால் அது மை ஒவ்வாமையாக இருக்கலாம், சிவப்பு மையில்தான் இது அதிகம், மாதங்கள் கழித்தும் வரும்.

மேல்தோல் ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், உள்ளே ஆற அதற்கு மேலும் ஆகும். நடுவில் நிறம் மங்கலாகப் பால் படர்ந்தாற்போலத் தெரியும், அது புதுத் தோல், தானாகத் தெளியும். ஆறு வாரம் கழித்தும் எங்காவது மை விட்டுப்போயிருந்தால் அதே கலைஞரிடம் போய்க் காட்டுங்கள். நிறையப் பேர் முதல் திருத்தத்துக்குப் பணம் வாங்குவதில்லை, இதை முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.