எங்கே பெருக்குவது, எங்கே கூட்டுவது?

எந்த இலக்கமும் திரும்ப வராத நான்கிலக்க இரட்டைப்படை எண்கள் எத்தனை? இந்தக் கணக்கில் சறுக்குகிறவர்களுக்குப் பெருக்கத் தெரியாமல் இல்லை. எந்த இடத்தை முதலில் நிரப்புவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

விதிகள் இரண்டே. இதையும் செய்து, அதையும் செய்தால்தான் வேலை முடியும் என்றால் வழிகளைப் பெருக்க வேண்டும். இதுவோ அதுவோ ஒன்றுதான் நடக்கும் என்றால் கூட்ட வேண்டும்.

நான்கு கட்டம் போட்டு, நிபந்தனை உள்ள கட்டங்களை முதலில் நிரப்புங்கள். ஒன்றாம் இடத்துக்கு 0, 2, 4, 6, 8 என ஐந்து வழிகள். அடுத்தது ஆயிரமாம் இடம். அங்கே 0 வரக்கூடாது. கடைசியில் 0 போட்டிருந்தால் இங்கே 9 வழிகள், 2 போட்டிருந்தால் 8. இப்படி ஒரே கட்டத்துக்கு இரண்டு எண்ணிக்கை வந்தால் பெருக்குவதை அங்கேயே நிறுத்திவிட்டுக் கணக்கை இரண்டாகப் பிரியுங்கள்.

0-வில் முடிபவை: 1 × 9 × 8 × 7 = 504
2, 4, 6, 8-இல் முடிபவை: 4 × 8 × 8 × 7 = 1792
மொத்தம்: 2296

இரண்டாவது வரியில் 8 இருமுறை வருவதைக் கவனியுங்கள். ஆயிரமாம் இடத்தில் ஒதுக்கிய 0, நூறாம் இடத்துக்குத் திரும்பி வரலாம். அதை மறந்து 4 × 8 × 7 × 6 என்று எழுதுவது வழக்கமான பிழை.

சந்தேகம் இருந்தால் ஈரிலக்கத்தில் சோதியுங்கள். இதே முறையில் 9 + 4 × 8 = 41. ஈரிலக்க இரட்டைப்படை எண்கள் 45. அவற்றில் 22, 44, 66, 88 போனால் 41. சரி.

கூட்டலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது. 1 முதல் 100 வரை 2 அல்லது 5-ஆல் வகுபடுபவை 50 + 20 = 70 அல்ல. 10-இன் மடங்குகள் பத்தும் இருமுறை எண்ணப்பட்டுவிட்டன, விடை 60.

‘குறைந்தது ஒன்று’ என்று கேட்டால் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணுவதே சுலபம். குறைந்தது ஒரு 7 உள்ள மூன்றிலக்க எண்கள்: மொத்தம் 900, 7 இல்லாதவை 8 × 9 × 9 = 648, மீதி 252. 7-ஐ ஓரிடத்தில் வைத்து நேராக எண்ணினால் 100 + 90 + 90 = 280 வரும். அதில் 770 போன்றவை இருமுறையும், 777 மும்முறையும் நுழைந்திருக்கும்.