பிள்ளைக்கு முதல் மட்டக்குதிரை: இனமும் குணமும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை

"எனக்கு ஒரு போனி வேணும்" என்று பிள்ளை கேட்டதும், வீட்டில் எல்லோரும் முதலில் தேடுவது இருப்பதிலேயே குட்டையான குதிரையை. பிள்ளையும் சின்னது, குதிரையும் சின்னதாக இருந்தால் பயமில்லை என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. கொடைக்கானல் ஏரிக்கரையில், ஒருவர் கயிற்றைப் பிடித்து நடத்திவரும் மட்டக்குதிரையில் ஏறி இறங்கியதுதான் நம்மில் பலருக்குக் குதிரையோடு உள்ள ஒரே பழக்கம். அதனால் அப்படித் தோன்றுவது இயல்புதான்.

இங்கிலாந்தில் என் மகள் குதிரையேற்றம் பழகிய லாயத்தில், வார இறுதிதோறும் சாணி அள்ளி, வைக்கோல் போட்டு, குளம்பு சுத்தம் செய்து நான் கற்றுக்கொண்டது வேறு. போனியின் குணத்தை உயரம் சொல்லாது. அது வளர்ந்த மண்ணும், அதைப் பழக்கிய கையும்தான் சொல்லும். பிரிட்டன், அயர்லாந்து நாட்டு இனங்களை மட்டும் வைத்து, புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: உயரக் கணக்கு

குதிரையின் கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். தரையிலிருந்து அந்த மேடு வரைதான் உயரம். தலையைச் சேர்ப்பதில்லை. அளவுக்குப் பெயர் 'ஹேண்ட்'. ஒரு ஹேண்ட் 4 அங்குலம். விளம்பரத்தில் 12.2 என்று இருந்தால் அதைத் தசமமாகப் படிக்காதீர்கள். 12 ஹேண்டும் 2 அங்குலமும் என்று பொருள். மொத்தம் 50 அங்குலம், 127 செ.மீ. பொதுவாக 14.2 ஹேண்ட், அதாவது ஏறத்தாழ 148 செ.மீ. வரை போனி என்பார்கள்.

எடையையும் சேர்த்துப் பாருங்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பலரும் வைத்திருக்கும் மேல்வரம்பு. 200 கிலோ குதிரைக்கு 40 கிலோ. அதில் சேணமும் அடக்கம். 8 வயதில் சரியாக இருந்த போனி 11 வயதில் பிள்ளைக்குப் போதாமல் போவது இதனால்தான்.

படி 2: அது வளர்ந்த மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஷெட்லாந்து என்ற இனத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, காற்று ஓயாத தீவுகள் இதன் ஊர். உயரம் 42 அங்குலத்தை (107 செ.மீ.) தாண்டக்கூடாது என்பது இனச்சங்கத்தின் விதி. மரம் குறைந்த அந்தக் குன்றுகளில் கிடைத்ததைத் தின்று, கடற்கரைக்கு வந்து கடற்பாசியையும் மேய்ந்து பிழைத்த இனம். உடம்பு சின்னது, இழுக்கும் பலம் மிகப் பெரியது. பெண்களையும் சிறு பிள்ளைகளையும் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறக்கக்கூடாது என்று 1842-இல் பிரிட்டனில் சட்டம் வந்த பிறகு, நிலக்கரி வண்டி இழுக்க இவற்றை ஏராளமாக இறக்கினார்கள். பூமிக்கடியில் இருட்டில் உழைத்த அந்த ஜீவன்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கும்.

இப்படிப் பிழைத்த குதிரைக்குச் சொந்த புத்தி அதிகம். புல்லைக் கண்டதும் தலையைக் கீழே இழுக்கும். பிள்ளை கடிவாளத்தோடு சேர்ந்து கழுத்து வழியாகச் சறுக்கி விழும். இதைத் திருத்த வேண்டுமென்றால் விவரம் தெரிந்தவர் ஏறி உட்கார்ந்து பழக்க வேண்டும். அத்தனை சின்னக் குதிரையில் பெரியவர் ஏற முடியாது. ஏறக்கூடிய பிள்ளைக்கோ பழக்கத் தெரியாது. ஷெட்லாந்து முரடு என்ற பெயர் வந்ததில் பாதி இந்தச் சிக்கலால்தான். தரையில் நின்று பொறுமையாகப் பழக்கிய ஷெட்லாந்து கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். அதைப் போல அன்பானது வேறில்லை.

வெல்ஷ் போனிகளில் நான்கு பிரிவுகள். ஏ பிரிவு வேல்ஸ் மலைப் போனி, 12 ஹேண்ட் வரை. அழகு, சுறுசுறுப்பு, சட்டென்று சூடாகும் இரத்தம். பி பிரிவு 13.2 வரை; மெலிந்த கால், நீண்ட காலடி, போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஏற்றது. சி பிரிவும் 13.2 வரைதான், ஆனால் உடம்பு தடித்தது. டி பிரிவு அதைவிட உயரம். அதைப் பெரியவர்களே ஓட்டலாம். முதல் முறை ஏறும் பிள்ளைக்கு ஏ, பி இரண்டிலும் இளங்குதிரையைத் தவிர்க்கச் சொல்வேன். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே துள்ளக்கூடியவை.

எனக்குப் பிடித்த இனம் கானமாரா. அயர்லாந்தின் மேற்குக் கரையில், பாறையும் சதுப்பும் கல்வேலிகளுமான நிலத்தில் வளர்ந்தது; 1923-இல் அங்கேயே இதற்கு வளர்ப்போர் சங்கம் அமைந்தது. காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைக்கும் குதிரை. வேலியைக் கண்டால் தாண்டத் துடிக்கும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மேரியன் கோக்ஸ் ஏறிய 'ஸ்ட்ரோலர்' என்ற போனி, பெரிய குதிரைகளோடு மோதி, தாண்டும் போட்டியில் தனிநபர் வெள்ளி வாங்கியது. உயரம் 14.1 ஹேண்ட்தான், கானமாராக் கலப்பு என்பார்கள். ஓரளவு ஏறப் பழகிய 10, 12 வயதுப் பிள்ளை 18 வயது வரை வைத்துக்கொள்ள இதைவிட நல்ல இனம் எனக்குத் தெரியாது.

நியூ ஃபாரஸ்ட் போனிகள் தென் இங்கிலாந்தின் காட்டிலும் புதர்வெளியிலும் மேய்பவை. பார்க்கக் காட்டுக்குதிரை போலிருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. கார், சைக்கிள், சுற்றுலாப் பயணிகள் நடுவிலேயே இந்த இனம் வாழ்கிறது. அதனால்தானோ என்னவோ, சாலைக்கு அஞ்சாத அமைதி இதற்கு உண்டு.

டார்ட்மூர், 12.2 வரை, சாந்தமானது. சிறு பிள்ளைக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். எக்ஸ்மூர் மூக்கருகே மாவு பூசியது போல வெளிறி, தடித்த இமையோடு இருக்கும். கெட்டிக்காரக் குதிரை, ஆனால் காட்டுப் புத்தி மறையவில்லை; புதியவர் கைக்கு வேண்டாம். ஹைலேண்ட், ஃபெல், டேல்ஸ் மூன்றும் சுமை தூக்கிய பரம்பரை. ஸ்காட்லாந்து மலைகளில் வேட்டையாடிய மானை இறக்கிவருவது ஹைலேண்டின் வேலை. குடும்பத்தில் அப்பாவும் மகளும் மாறி மாறி ஏற நினைத்தால் இவற்றைப் பாருங்கள்.

படி 3: வயது

குணம் எந்தப் பக்கம் சாயும் என்பதை மட்டும்தான் இனம் சொல்லும். ஒரே தாயின் இரண்டு குட்டிகள் இரண்டு குணமாக இருக்கும். முதல் போனிக்கு 8 வயதுக்கு மேல் பாருங்கள். 15, 16 என்றாலும் கால் நன்றாக இருந்தால் சரி; போனிகள் பலவும் 30 வரை வாழும். "குழந்தையும் குட்டியும் சேர்ந்து வளரட்டும்" என்று இளங்குதிரை வாங்குவது வேண்டவே வேண்டாம். இரண்டுக்கும் ஒன்றும் தெரியாது, அடிபடுவது பிள்ளை.

படி 4: நேரில் பார்க்கும் நாள்

"நாங்கள் வரும்வரை மேய்ச்சலிலேயே விட்டு வையுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிடிக்கப் போனால் ஓடுகிறதா, நின்று முகர்கிறதா என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போதே சேணம் பூட்டி, உடம்பு வேர்த்திருந்தால், முன்பே ஓட்டிக் களைப்பாக்கியிருக்கலாம்.

சேணத்தின் வாரை இறுக்கும்போது காதைக் கவனியுங்கள். காது பின்னால் படிந்து, திரும்பிக் கடிக்க வந்தால் முதுகிலோ வயிற்றிலோ வலி இருக்கக்கூடும். வலியில் இருக்கும் குதிரைக்குக் கெட்ட குணம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள், பாவம் அது.

முதலில் விற்பவர் தரப்பில் ஒருவர் ஏறட்டும். பிறகு உங்கள் பயிற்சியாளர். கடைசியில்தான் பிள்ளை. மற்ற குதிரைகளை விட்டுத் தனியாக வெளியே வருமா, டிராக்டர் கடந்தால் நிற்குமா என்று பாருங்கள். பிள்ளையே கயிற்றைப் பிடித்து நடத்தி, குளம்பைத் தூக்கிப் பார்க்கட்டும். முடிவை அன்றே சொல்லாதீர்கள். வேறொரு நேரத்தில் இன்னொரு முறை போங்கள்.

படி 5: மருத்துவர், காகிதம்

வாங்கும் முன் உங்கள் சார்பில் ஒரு குதிரை மருத்துவர் பார்க்க வேண்டும். அப்போது இரத்தமும் எடுத்து வைப்பார்கள். வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்துக் காட்டினார்களா என்ற சந்தேகம் பின்னால் வந்தால் சோதிக்கலாம். பிரிட்டனில் ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் என்ற அடையாள ஆவணம் உண்டு. இங்கிலாந்தில் 2020 அக்டோபர் முதல் மைக்ரோசிப்பும் கட்டாயம். இரண்டின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வாங்கத் தயக்கமாக இருந்தால் 'லோன்' முறையில் சில மாதம் எடுத்து வைத்துப் பார்ப்பதும் இங்கே வழக்கம். முதல் தடவைக்கு நான் அதையே சொல்வேன்.

படி 6: வீட்டுக்கு வந்ததும் புல்லைக் குறையுங்கள்

பட்டினி நிலத்தில் வாழப் பழகிய உடம்புகள் இவை. செழித்த புல்வெளியில் அவிழ்த்துவிட்டால் சீக்கிரம் கொழுக்கும். புல்லின் சர்க்கரை குளம்பின் உள்சதையை வீங்க வைக்கும். லாமினைட்டிஸ் என்ற இந்த நோய் போனியைக் கொல்லக்கூடியது. குளம்பு சூடாக இருந்தால், திரும்பும்போது நொண்டினால், முன்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நம் ஊரில் சூடடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடு போடுவோமே, அதே போல போனிக்கும் ஒன்று விற்கிறார்கள். தண்ணீர் குடிக்கலாம், புல்லை நுனி நுனியாகத்தான் கடிக்க முடியும். வசந்தத்தில் புல் தளிர்க்கும் முன்பே அதை வாங்கிப் போட்டுப் பழக்கிவிடுங்கள். முதல் இரண்டு நாள் தரையில் தேய்த்துக் கழற்றப் பார்க்கும். வாரைச் சரிபார்த்து, தோல் உரசியிருக்கிறதா என்று காலை மாலை தொட்டுப் பாருங்கள்.