தாங்கு செல்லைத் தனி செல்லாக நினைக்காதீர்கள்

தவறு பெயரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. "தாங்கு செல்" என்றதும் பந்தலுக்கு நட்ட கால் மாதிரி சும்மா நிற்கிற ஒன்று என்று மனதில் பதிந்துவிடுகிறது. உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் ஒலியை மின்குறிப்பாக மாற்றுபவை மயிர்ச் செல்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றை நெருக்கிப் பிடித்திருக்கும் தாங்கு செல்களான டைட்டர்ஸ் செல்கள், ஹென்சன் செல்கள், தூண் செல்கள், கிளாடியஸ் செல்கள் எல்லாவற்றுக்கும் தனி மின்வாழ்க்கை இருக்கிறது. அதைப் படிக்கும் மாணவர்களும், சில சமயம் அளக்கிறவர்களும், திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதற்கு எதிராக அளந்தது என்று சொல்லாமல் மின்னழுத்தத்தை எழுதுவது. காக்ளியாவின் நடுக்குழாயில் உள்ள எண்டோலிம்ஃப் திரவம், கீழேயுள்ள பெரிலிம்ஃப் என்ற இன்னொரு திரவத்தை விட ஏறக்குறைய 80 மில்லிவோல்ட் கூடுதல் நேர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் காது ஆய்வாளர் பெக்கெசி இதை அளந்து காட்டினார். இந்த மின்னழுத்தத்தை உண்டாக்குவது பக்கச் சுவரில் உள்ள ஸ்ட்ரியா வாஸ்குலாரிஸ் என்ற திசு. தாங்கு செல்கள்தான் உண்டாக்குகின்றன என்று தேர்வுத்தாளில் எழுதுகிறவர்கள் உண்டு, அது தவறு. உயிருள்ள விலங்கில் தாங்கு செல்லின் உட்புறம் பெரிலிம்ஃபோடு ஒப்பிட்டால் சுமார் −80 மில்லிவோல்ட், சில நேரம் அதைவிடவும் கீழே. அப்படியானால் எண்டோலிம்ஃபைப் பார்க்கும் மேல் சவ்வின் குறுக்கே 160 மில்லிவோல்ட் வித்தியாசம் வருகிறது! "ஓய்வு மின்னழுத்தம் −80" என்று மட்டும் எழுதினால் இந்த விஷயமே மறைந்துபோகும்.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறு. தாங்கு செல்கள் கனெக்சின் 26, கனெக்சின் 30 என்ற புரதங்களால் ஆன இடைவெளி இணைப்புகள் வழியாக ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. அயனிகள் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாராளமாகப் போகும். ஆகவே ஒரு ஹென்சன் செல்லில் பிப்பெட்டை (மின்பதிவு செய்யும் கண்ணாடி நுண்குழாயை) ஒட்டி மின்தடையை அளந்தால், நீங்கள் அளப்பது ஒரு செல்லை அல்ல, ஒரு கூட்டத்தை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தனி செல்லின் மின்தடை 100 மெகாஓம் என்று வைத்துக்கொள்வோம். பத்து செல்கள் முழுமையாக இணைந்திருந்தால் கருவியில் தெரிவது 10 மெகாஓம். மின்தேக்குத்திறனோ பத்து மடங்காகத் தெரியும். பிப்பெட் முனையின் தொடர் மின்தடையும் 10 மெகாஓம் என்றால், நீங்கள் கொடுத்த கட்டளை மின்னழுத்தத்தில் பாதி பிப்பெட்டிலேயே கரைந்துவிடும். மீதியும் எல்லாச் செல்களுக்கும் ஒரே அளவில் போய்ச் சேராது. அந்த நிலையில் வரைந்த மின்னோட்ட வளைவை வைத்து "இந்தச் செல்லில் இந்த அயனிக் கால்வாய் (அயனிகள் கடக்கும் சவ்வுத் துளை) இருக்கிறது" என்று முடிவுகட்டுவது ஆபத்து. சாந்தோஸ்-சாக்கி போன்ற ஆய்வாளர்கள் கினிப்பன்றியின் தாங்கு செல்களில் இணைப்பைத் தனியே ஆராய்ந்தது இதனால்தான்.

சரி, இணைப்பைத் துண்டித்துவிட்டு அளக்கலாமே? ஆக்டனால் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கலாம், செல்லின் உள்ளே அமிலத்தன்மையைக் கூட்டலாம். ஆனால் இவை இடைவெளி இணைப்பை மட்டும் தொடுவதில்லை, வேறு கால்வாய்களையும் பாதிக்கும். செல்களைப் பிரித்துத் தனியாக எடுத்தால் தெளிவான பதிவு கிடைக்கும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. தனித்தெடுத்த டைட்டர்ஸ் செல்லில், மின்னழுத்தம் நேர்த் திசையில் ஏறும்போது பெரிய பொட்டாசியம் மின்னோட்டம் வெளியே பாயும். படத்தில் அது கண்ணைப் பறிக்கும். ஆனால் −80 மில்லிவோல்ட்டில் அந்தக் கால்வாய்கள் பெரும்பாலும் மூடியே இருக்கும். ஓய்வு மின்னழுத்தத்துக்கு அதைக் காரணமாகச் சொல்லக் கூடாது. அந்த வேலையில் கிர்4.1 போன்ற, ஓய்விலும் திறந்திருக்கும் பொட்டாசியம் கால்வாய்களைத்தான் தேட வேண்டும்.

ஒரு செல்லுக்குள் செலுத்திய சாயம் அடுத்ததற்குப் பரவவில்லை என்பதால் செல்கள் இணையவில்லை என்று முடிவு செய்வதும் தவறு. இதற்குப் பயன்படும் லூசிஃபர் மஞ்சள் என்ற சாயம் எதிர்மின்னேற்றம் கொண்டது. கனெக்சின் 30 மட்டுமே கொண்ட கால்வாய் வழியே அது சரியாக நுழையாது. சாயம் நின்ற இடத்தில் பொட்டாசியம் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒலி கொடுக்கும்போது தாங்கு செல்லிலும் மின்னழுத்தம் ஆடுவதைப் பார்க்கலாம். உடனே "இதுவும் கேட்கிறது" என்று மகிழ வேண்டாம். அருகிலுள்ள மயிர்ச் செல்களின் மின்னோட்டம் வெளித்திரவத்தில் உண்டாக்கும் புலமும் அதே பதிவில் கலந்திருக்கும். செல்லை விட்டுச் சற்று வெளியே வந்து அதே ஒலிக்கு மீண்டும் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். அப்புறம், பாலூட்டிகளில் மயிர்ச் செல்கள் இந்த இடைவெளி இணைப்பு வலையில் சேர்வதில்லை. படம் வரையும்போது அவற்றையும் சேர்த்துக் கோடு இழுத்துவிடாதீர்கள்.

கனெக்சின் 26-ஐ உருவாக்கும் ஜி.ஜே.பி.2 மரபணு 1997-இல் பிறவிக் காதுகேளாமையோடு தொடர்புபடுத்தப்பட்டது. இந்தியாவில் இதன் பிறழ்வுகளில் டபிள்யூ24எக்ஸ் அதிகம் காணப்படுவது. ஒடுங்கு பண்பு (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது) என்பதால், நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் குடும்பங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் காரணத்தைச் சொல்லும்போது பலரும் ஒரே வாக்கியத்தை ஒப்பிக்கிறார்கள்: "பொட்டாசியம் மறுசுழற்சி நின்றுபோவதால் காது கேட்பதில்லை." மயிர்ச் செல்கள் வெளியேற்றும் பொட்டாசியம் தாங்கு செல்கள் வழியே எண்டோலிம்ஃபுக்குத் திரும்புவதைத்தான் மறுசுழற்சி என்கிறார்கள். காரணம் அத்தனை நேரடியானதல்ல. கனெக்சின் 26 நீக்கப்பட்ட எலிகளில் தூண் செல்களுக்கு இடையில் அமையும் கார்ட்டி சுரங்கமே சரியாகத் திறக்காமல் போனதைப் பார்த்திருக்கிறார்கள். காது வளரும் கட்டத்திலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

வயதைக் கவனிக்காமல் தரவைப் படிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். எலிக் குட்டிக்குப் பிறந்து இரண்டு வாரம் நெருங்கும்வரை காது கேட்காது. அதற்கு முன்பே, வளரும் காக்ளியாவில் மட்டும் இருக்கும் கோலிக்கர் உறுப்பில் உள்ள தாங்கு செல்கள் தாமாகவே ஏ.டி.பி. என்ற மூலக்கூறை வெளியிடுகின்றன. அது அதே செல்களின் குளோரைடு கால்வாய்களைத் திறக்கவைக்க, குளோரைடோடு பொட்டாசியமும் வெளியேறி, பக்கத்திலுள்ள உள் மயிர்ச் செல்களைத் தூண்டுகிறது. ட்ரிட்ச், பெர்கில்ஸ் குழுவினர் 2007-இல் இந்தத் தானியங்கித் துடிப்பைக் காட்டினார்கள். ஓசையே இல்லாத காலத்தில் கேட்டல் நரம்புக்குப் பழக்கம் கொடுப்பது தாங்கு செல்கள்! ஆனால் வளர்ந்த எலியில் கோலிக்கர் உறுப்பு மறைந்து, அந்த இடம் வெறும் பள்ளமாகிவிடுகிறது. ஒரு வாரக் குட்டியில் எடுத்த பதிவை வளர்ந்த காதுக்குப் பொருத்தும் கட்டுரை கையில் கிடைத்தால், முடிவுரைக்குப் போவதற்கு முன் செய்முறைப் பகுதியில் விலங்கின் வயதைப் பாருங்கள்.