ஜென்கின்ஸில் வேலையைத் தொலைவிலிருந்து அனுப்பும்போது

மென்பொருளைத் தொகுப்பது, சோதிப்பது போன்ற வேலைகளைத் தானாக ஓட்டும் கருவி ஜென்கின்ஸ். அதன் திரையைத் திறக்காமலே, கர்ல் (இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும் நிரல்) கட்டளை ஒன்றில் ஒரு வேலையைத் தொடங்கிவிடலாம். வேலையின் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'பில்ட்' என்ற சொல்லும் சேர்த்து போஸ்ட் முறையில் (தரவு அனுப்பும் கோரிக்கை) அனுப்ப வேண்டும். கெட் முறையில் (பக்கத்தைக் கேட்டு வாங்கும் கோரிக்கை) அனுப்பினால் பொதுவாக 405 பிழைதான் (இந்த முறைக்கு அனுமதியில்லை) வரும். அளவுருக்கள் (தொடங்கும்போது கொடுக்க வேண்டிய மதிப்புகள்) கேட்கும் வேலைக்கு 'பில்ட்வித்பாராமீட்டர்ஸ்' என்று முடியும் முகவரி.

கடவுச்சொல்லை ஸ்கிரிப்டில் எழுதாதீர்கள். உங்கள் கணக்கின் அமைப்புகளில் ஏபிஐ டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் சாவி) ஒன்று உருவாக்கி, பயனர் பெயரோடு அதைக் கொடுங்கள். ஜென்கின்ஸ் 2.96 பதிப்பிலிருந்து டோக்கன் இருந்தால் 'கிரம்ப்' (போலிக் கோரிக்கைகளைத் தடுக்கக் கேட்கும் குறியீடு) வாங்கும் தொல்லையும் இல்லை.

சரி, 201 என்று பதில் வந்துவிட்டது. வேலை ஓடிவிட்டதா? இல்லை, வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன்: 201 பார்த்த நிம்மதியில் டீ குடிக்கப் போய்விட்டேன், திரும்பி வந்தால் வேலையை ஓட்ட இயந்திரம் எதுவும் கிடைக்காமல் அது வரிசையிலேயே கிடக்கிறது. பதிலின் தலைப்பில் 'லொக்கேஷன்' என்று ஒரு முகவரி வரும். அதன் கடைசியில் 'ஏபிஐ', ஒரு சாய்கோடு, 'ஜேசன்' என்று சேர்த்துச் சில விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருங்கள். 'எக்சிகியூட்டபிள்' என்ற பகுதி தென்பட்டால் வேலை தொடங்கிவிட்டது, ஓட்டத்தின் எண்ணும் அதற்குள்ளேயே இருக்கும். ஆனால் வரிசையை விட்டு வெளியேறிய சுமார் 5 நிமிடத்தில் அந்த முகவரி மறைந்துவிடும், எண்ணை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஒரே அளவுருக்களோடு இரண்டு முறை அனுப்பினால், முதலாவது வரிசையில் காத்திருக்கும்வரை இரண்டும் ஒன்றாகிவிடும். தனித்தனியாக ஓட வேண்டுமென்றால், வேலையில் கூடுதலாக ஓர் அளவுரு வைத்து, அதில் நேர முத்திரையைப் போட்டு அனுப்புங்கள்.