வாரண்ட் இருக்கிறதா என்று தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் யார் மீதெல்லாம் வாரண்ட் நிலுவையில் இருக்கிறது என்று பொதுமக்கள் பார்க்கக்கூடிய தனிப் பட்டியல் எதுவும் கிடையாது. வாரண்ட் என்பது ஒரு வழக்கில் நீதிபதி போடும் உத்தரவு; அது அந்த வழக்குக் கட்டுக்குள்தான் இருக்கும். ஆகவே முதலில் வழக்கைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று படிக்க வேண்டும். பெயரைத் தட்டினால் வாரண்ட் வந்துவிடும் என்று நினைத்துத் தேடுவதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. பணம் கட்டினால் பார்த்துச் சொல்கிறோம் என்பவர்களை நம்ப வேண்டாம். வழக்கு விவரம் அரசின் இ-கோர்ட்ஸ் தளத்திலும் செயலியிலும் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்தத் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் மூன்றையும் தேர்ந்தெடுத்த பிறகு பெயர், வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், வழக்கறிஞர் பெயர் எனப் பல வழிகளில் தேடலாம். பலரும் பெயரில்தான் தொடங்குகிறார்கள். அதிகம் தவறுவதும் அங்கேதான்.

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரே முறை இல்லை. தமிழ்ச்செல்வன் என்ற பெயரில் வரும் ழகரத்தை ஒரு காவல் நிலையத்தில் இசட்.எச். போட்டு எழுதியிருப்பார்கள், இன்னொன்றில் வெறும் எல் போட்டிருப்பார்கள். கதிர்வேலுக்கு டி.எச்.சும் வரும், டி.யும் வரும். இனிஷியல் முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதனால் முழுப் பெயரையும் இட்டுத் தேடிவிட்டு "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். எழுத்து மாறாத பகுதியை மட்டும், குறைந்தது 3 ஆங்கில எழுத்துகளாக, இட்டுப் பாருங்கள். தமிழ்ச்செல்வனுக்கு 'செல்வ' வரைக்கும் போதும். நிறைய பெயர்கள் வரும். தந்தை பெயர், காவல் நிலையம், சட்டப் பிரிவு ஆகியவற்றை வைத்துச் சலித்து எடுக்கலாம்.

அடுத்து வருடம். 2019-இல் பதிவான எஃப்.ஐ.ஆருக்கு 2021-இல் குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டால், வழக்கு எண் 2021-க்கு உரியதாக இருக்கும். சம்பவம் நடந்த வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுபவர்களுக்கு அந்த வழக்கு கண்ணிலேயே படாது. சம்பவ வருடத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு வருடமாகப் பார்க்க வேண்டும். நிலுவை, முடிந்தது, இரண்டும் என்று மூன்று தெரிவுகள் இருக்கும். 'இரண்டும்' என்பதையே எடுங்கள். மேல்முறையீட்டில் தண்டனை உறுதியாகி, ஆள் சரணடையாமல் இருந்தால், முடிந்ததாகக் காட்டும் வழக்கிலும் வாரண்ட் உயிரோடு இருக்கும். மாவட்டப் பிரிப்பையும் மறக்க வேண்டாம். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு தனி மாவட்டங்களாயின, 2020-இல் மயிலாடுதுறை. இந்தப் பகுதிகளின் பழைய வழக்குகளைத் தாய் மாவட்டத்தின் கீழும் தேடிப் பார்க்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். எண் தெரிந்தால் பெயரை விட்டுவிட்டு அதிலேயே தேடுவது மேல். காவல் நிலையம், எண், வருடம் மூன்றும் போதும். எழுத்துப் பிழைத் தொல்லை இல்லை. ஆனால் காசோலை வழக்குகளில் எஃப்.ஐ.ஆரே இருக்காது, அவை நேரடியாக நீதிமன்றத்தில் தாக்கலாகும் தனிப் புகார்கள். பழைய முகவரிக்குச் சம்மன் போய்த் திரும்பி, விஷயமே தெரியாமல் வாரண்ட் வரை போகும் வழக்குகளில் இவை அதிகம். வழக்கு எண் தெரியாவிட்டால் இவற்றைப் பெயர் வழியாகத்தான் பிடிக்க முடியும்.

வழக்கு கிடைத்ததும் அதன் சி.என்.ஆர். எண்ணை, அதாவது அந்த வழக்குக்கு மட்டுமே உரிய தனி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 16 இலக்கம்: மாநில, மாவட்டக் குறியீடு 4 எழுத்து, நீதிமன்றத்துக்கு 2 எண், வரிசை எண் 6, வருடம் 4. இனி எப்போது பார்த்தாலும் இது ஒன்றே போதும்.

இப்போது பக்கத்தைப் படிக்கும் வேலை. 'ஸ்டேஜ்' என்ற இடத்தில் என்.பி.டபிள்யூ. என்று இருந்தால் ஜாமீனில் விடமுடியாத பிடிவாரண்ட் என்று பொருள், பி.டபிள்யூ. என்றால் ஜாமீனில் விடக்கூடியது. இதைப் பார்த்ததும் பதறுவது ஒரு தவறு, பார்க்காததால் நிம்மதி அடைவது இன்னொரு தவறு. ஐந்து பேர் குற்றம் சாட்டப்பட்ட வழக்கில் ஏ3, அதாவது மூன்றாம் எதிரி மட்டும் வாய்தாவுக்கு வராமல் போயிருக்கலாம். வழக்குக்குப் பொதுவாக ஒரே ஸ்டேஜ்தான் காட்டும். வாய்தாத் தேதிகளின் பட்டியலில் தேதியைச் சொடுக்கினால் அன்றைய நடவடிக்கைக் குறிப்பு திறக்கும். யாருக்கு வாரண்ட் என்பது அங்கேதான் இருக்கும். ஒரு தேதியை மட்டும் பார்க்காமல் கடைசி நான்கைந்து வாய்தாக்களையும் படியுங்கள், ஏனென்றால் வாரண்ட் போட்ட நாள் ஒன்று, அதை நீதிமன்றம் திரும்பப் பெற்ற, அதாவது ரீகால் ஆன நாள் வேறு.

நீண்ட நாள் ஆள் கிடைக்காவிட்டால் எண்ணும் மாறும். வராதவரை மட்டும் பிரித்து வேறு எண் கொடுப்பார்கள், அல்லது சி.சி. என்ற வழக்கமான குற்ற வழக்கு எண்ணில் இருந்ததை எல்.பி.சி. எனப்படும் நீண்டகால நிலுவை வழக்குப் பதிவேட்டுக்கு மாற்றுவார்கள். பழைய சி.சி. எண்ணில் 'முடிந்தது' என்று வருவதைப் பார்த்துவிட்டு விடுதலையாகிவிட்டோம் என்று நம்புவது ஆபத்து.

இதிலெல்லாம் சிக்காத வாரண்ட்களும் உண்டு. சாட்சிக்கும் வாரண்ட் வரும், ஆனால் சாட்சி வழக்கின் தரப்பினர் அல்ல, பெயர்த் தேடலில் வரமாட்டார். கடன் வழக்கில் தீர்ப்பான தொகையைக் கட்டாதவர் மீது சிவில் நீதிமன்றமே கைது வாரண்ட் போடலாம்; அது ஈ.பி. எனப்படும் நிறைவேற்று மனுவில் இருக்கும், ஆகவே சிவில் பக்கமும் பார்க்க வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் வாரண்ட் போடும் அதிகாரம் உண்டு, அதன் வழக்குகள் இ-ஜாக்ரிதி என்ற வேறு தளத்தில் உள்ளன.

இணையத்தில் காண்பது தகவலே தவிர ஆதாரம் அல்ல. பதிவேற்றம் தாமதமாகலாம், பிழையாகவும் இருக்கலாம். உறுதி செய்ய அந்த நீதிமன்ற அலுவலகத்தில் வழக்கு எண்ணைச் சொல்லி விசாரிக்க வேண்டும், அல்லது வழக்கறிஞர் மூலம் வழக்குக் கட்டைப் பார்த்து உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட வேண்டும். பல வளாகங்களில் இருக்கும் இ-சேவை மையத்தில் வழக்கு நிலையைப் பார்த்துத் தருவார்கள். நகலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருப்பது வீண். நீதிமன்ற ஆவண நகலை உயர் நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கிவிட்டது.

வாட்ஸ்அப்பில் முத்திரையோடு வாரண்ட் அனுப்பி, வீடியோ அழைப்பிலேயே 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினால் அது மோசடிதான். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. வாரண்டை ரத்து செய்யப் போலீஸுக்கு அதிகாரமும் இல்லை, பணம் அனுப்பித் தீர்வதும் இல்லை. அந்தத் தாளில் வழக்கு எண் இருந்தால் இ-கோர்ட்ஸில் போட்டுப் பாருங்கள், பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

உண்மையிலேயே வாரண்ட் இருக்கிறது என்று தெரிந்தால், நாளாவட்டத்தில் காலாவதியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. நிறைவேற்றப்படும் வரை அல்லது போட்ட நீதிமன்றமே ரத்து செய்யும் வரை அது செல்லும், 1.7.2024 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 72-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. இந்தியாவில் எங்கும் அதை நிறைவேற்றலாம். வாரண்ட் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கவும் பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் உண்டு.

விசாரித்து வருகிறேன் என்று தனியாகக் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள் பலர். என்.பி.டபிள்யூ. கையில் இருக்கும்போது போலீஸார் உங்களைக் கைது செய்து நீதிமன்றத்தில் நிறுத்தத்தான் வேண்டும். அதைவிட வழக்கறிஞரோடு அதே நீதிமன்றத்தில் நீங்களே ஆஜராகி ரீகால் மனுப் போடுவது நல்லது. வராததற்கான காரணத்தை ஆதாரத்தோடு வையுங்கள்: மருத்துவச் சான்று, ஊர் மாறியதற்கான ஆவணம், சம்மன் கிடைக்காததற்கான விவரம். காரணம் நீதிபதிக்கு ஏற்புடையதாக இல்லாவிட்டால் காவலுக்கு அனுப்பவும் கூடும், அதற்கும் தயாராக ஜாமீன்தாரர்களின் ஆவணங்களோடு போக வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்தோ, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ இலவச உதவி கேட்கலாம்.

ரீகால் ஆனதோடு வேலை முடிவதில்லை. வாரண்டின் தாள் இன்னும் காவல் நிலையத்தில் இருக்கும். நீதிமன்றம் அதைத் திரும்பப் பெறும் கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரியுங்கள், ரீகால் உத்தரவின் சான்றிட்ட நகல் ஒன்றை நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், இன்னொன்றைக் கையிலேயே வைத்திருங்கள்.