இரண்டு தீவுகள், ஒரு கிராஃப்

தங்கை மகளுக்கு எம்.ஏ. ப்ராஜெக்ட்: இரண்டு குட்டித் தீவு நாடுகளின் தேசிய வருமானத்தை ஒப்பிட வேண்டும். எங்கள் தூத்துக்குடியிலிருந்து தோணி போகிற மாலத்தீவை அவள் எடுத்தாள். பசிபிக்கில் இருக்கும் கிரிபாட்டியை நான் சேர்த்தேன் (எழுதுவது அப்படி, ஊர்க்காரர்கள் சொல்வது கிரிபாஸ்). இரண்டும் பவளத்திட்டுகள்தான், ஆனால் காசு வருகிற வழி வேறு வேறு.

உலக வங்கி தளத்திலிருந்து எக்ஸெல் கோப்பை இறக்கியதும் காலிக் கட்டங்களைப் பாருங்கள். காலி என்றால் அந்த ஆண்டுக்குக் கணக்கு இல்லை என்று அர்த்தம். அங்கே பூஜ்யம் போட்டால் கோடு கிணற்றில் விழும்.

அடுத்தது, எந்த வருமானம்? மாலத்தீவில் 1972இல் முதல் ரிசார்ட் வந்தது. ஒரு அறைக்கு வருகிற வாடகை உள்நாட்டு உற்பத்தியில் (நாட்டுக்குள் உருவாகிற மதிப்பு) ஏறிவிடும். முதலாளி வெளிநாட்டுக்காரர் என்றால் லாபம் வெளியே போய்விடும், தேசிய வருமானத்தில் (நாட்டுக்காரர்களுக்குச் சேர்கிற வருமானம்) வராது. கிரிபாட்டியில் தலைகீழ். அதன் கடலில் சூரை பிடிப்பது பெரும்பாலும் அயல்நாட்டுக் கப்பல்கள். அந்த மீன் கிரிபாட்டியின் உற்பத்தியில் சேராது, ஆனால் கப்பல்கள் கட்டும் கட்டணம் தேசிய வருமானத்தில் சேரும். 1956இல் பாஸ்பேட் காசில் தொடங்கிய சேமிப்பு நிதியின் வருவாயும் அப்படித்தான். ஆகவே ஒவ்வொரு ஆண்டும் தேசிய வருமானத்தை உள்நாட்டு உற்பத்தியால் வகுத்து, அதைத் தனிக் கோடாக வரையுங்கள். கிரிபாட்டி ஒன்றுக்கு மேலே போகும், மாலத்தீவு ஒன்றுக்குக் கீழே நிற்கும். இரண்டு தொகையும் ஒரே நாணயத்தில் இருப்பதால் மாற்று விகிதத் தொல்லையும் இல்லை.

அந்தத் தொல்லையில் நான் மாட்டியிருக்கிறேன். ஒரு முறை நடப்பு அமெரிக்க டாலரில் (அந்தந்த ஆண்டின் விலையிலும் மாற்று விகிதத்திலும்) 2001 முதல் 2011 வரை வரைந்து, கிரிபாட்டி பாய்ச்சலில் போகிறது என்று வகுப்பில் அடித்துப் பேசிவிட்டேன். அந்த நாடு புழங்குவது ஆஸ்திரேலிய டாலர். 2001இல் அது சுமார் 50 அமெரிக்க சென்ட். 2011இல் ஒரு அமெரிக்க டாலரையே தாண்டியது. தீவில் ஒரு தேங்காய்கூடக் கூடுதலாக விழாமல் வருமானம் இரட்டிப்பாகிவிட்டது! மாலத்தீவுக்கு அதே 2011இல் எதிர் அடி: டாலருக்கு 12.80 ருஃபியாவாக இருந்தது 15.42 ஆனது. வளர்ச்சியைப் பார்க்க நிலையான விலைத் தொடரையே (எல்லா ஆண்டையும் ஒரே ஆண்டின் விலையில் கணக்கிட்டது) எடுங்கள். யார் வசதி என்று பார்க்க, வாங்கும் திறனுக்குச் சரிசெய்த (அந்தந்த நாட்டு விலைவாசியைக் கணக்கில் எடுத்த) தலா வருமானம். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்க வேண்டாம்.

தலா என்றால் யார் தலை? மாலத்தீவின் 2022 கணக்கெடுப்பில் சுமார் 5.15 லட்சம் பேர். அதில் கால் பங்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களைச் சேர்த்து வகுத்தீர்களா, விட்டு வகுத்தீர்களா என்று எழுதிவிடுங்கள்.

கடைசியாக அடிப்படை ஆண்டு. அவள் 2005ஐ 100 என்று வைத்திருந்தாள். முந்தைய டிசம்பரில் சுனாமி; 2005இல் மாலத்தீவின் உற்பத்தி சுமார் 13 சதவீதம் சரிந்தது. பள்ளத்திலிருந்து அளந்தால் எல்லாமே மலையாகத் தெரியும். கிரிபாட்டிக்கு 1979இல் தொடங்கினாலும் சிக்கல், அதன் பனாபா தீவில் பாஸ்பேட் தீர்ந்த ஆண்டு அது. 2003க்கு மாற்றச் சொன்னேன். கோடு சாதுவாகிவிட்டது, அவளுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.