விசுவாசமும் நற்கிரியையும் நியாயத்தீர்ப்பும்: புதிதாகச் செய்தி கொடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் சபைச் சேகரத்தில் வாலிபர்களும் ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர்களும் செய்தி கொடுக்க, அதாவது பிரசங்கிக்க, பழகும்போது, அவர்களோடு உட்கார்ந்து வேதவசனங்களை ஆராய்வது பல ஆண்டுகளாக எனக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிற பணி. கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை, ஞாயிறு ஆராதனையோ வீட்டு ஜெபக்கூட்டமோ கன்வென்ஷனோ அடக்க ஆராதனையோ எதுவாக இருந்தாலும், விசுவாசம், நற்கிரியை, கடைசி நியாயத்தீர்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே செய்தியில் தொடும்போது புதியவர்கள் இடறுகிற இடங்கள் மாறுவதில்லை. எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். வசன எண்ணை மாற்றிச் சொல்வது, ஒலிபெருக்கி இருந்தும் கத்துவது, குறித்த நேரத்தைக் கடப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சபையாரே இரண்டு வாரத்தில் திருத்திவிடுவார்கள். கேட்கிறவருடைய விசுவாசத்தையே சேதப்படுத்தக்கூடிய தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எபேசியர் 2:9-இல் நிறுத்திவிடுதல்

"கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்பது நம் சபைகளில் சிறுபிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லுகிற வசனம். எட்டாம், ஒன்பதாம் வசனங்களை வாசித்து, "இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்பதை இரண்டு முறை அழுத்திச் சொல்லி, வேதாகமத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் இதை எழுதிய பவுல் அங்கே மூச்சு விடவில்லை. நற்கிரியைகளைச் செய்கிறதற்கே நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றும், அவற்றில் நாம் நடக்கும்படி தேவனே அவற்றை முன்னதாக ஆயத்தம்பண்ணியிருக்கிறார் என்றும் பத்தாம் வசனத்தில் தொடர்கிறார். இரட்சிப்பு எதனால் உண்டாகிறது என்பதை முதல் இரண்டு வசனங்களும், இரட்சிக்கப்பட்டவன் எதற்காக உண்டாக்கப்பட்டான் என்பதைப் பத்தாம் வசனமும் சொல்லுகின்றன. தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்திலும் ஐந்தாம், எட்டாம் வசனங்கள் இதே வரிசையில்தான் வருகின்றன. எபேசியரின் மூன்று வசனங்களையும் சேர்த்து வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

பவுலையும் யாக்கோபையும் எதிரெதிரே நிறுத்துதல்

மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்று ரோமர் 3:28 சொல்லுகிறது. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று யாக்கோபு 2:24 சொல்லுகிறது. புதியவர் தமக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைச் சுருக்கிவிடுகிறார். சபைச் சீர்திருத்தவாதியான லூத்தரே யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதினாரே என்று வாதாடுகிறவர்களும் உண்டு. 1522-இல் வெளிவந்த ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் அவர் அப்படி எழுதியது உண்மை. ஆனால் அதே பதிப்பில் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், நெருப்பிலிருந்து வெப்பத்தையும் ஒளியையும் பிரிக்க முடியாததுபோல விசுவாசத்திலிருந்து கிரியைகளைப் பிரிக்க முடியாது என்றும் அவரே எழுதினார். முதலாவதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாவதையும் காட்டக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

இரண்டு நிருபங்களும் ஆபிரகாமையே சாட்சியாக அழைக்கின்றன என்பதிலிருந்து தொடங்குங்கள். பவுல் எடுத்துக்காட்டுவது ஆதியாகமம் 15. நட்சத்திரங்களைக் காட்டி தேவன் வாக்குப்பண்ணினார், ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அப்போது விருத்தசேதனமும் இல்லை, வாக்குப்பண்ணப்பட்ட மகன் ஈசாக்கும் பிறக்கவில்லை. யாக்கோபு எடுத்துக்காட்டுவது ஆதியாகமம் 22, ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட முன்வந்த மோரியா மலை. முதல் மகன் இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு வயது 86, ஈசாக்கு பிறந்தபோது 100. அந்த ஈசாக்கு தகனபலிக்கான விறகைச் சுமக்கும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் மோரியா வருகிறது. 15-ஆம் அதிகாரத்தில் தேவன் எண்ணிய நீதி, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மனிதனுடைய கையிலும் காலிலும் வெளிப்பட்டதை யாக்கோபு காட்டுகிறார். பாவி எப்படி ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்பது பவுலின் கேள்வி. எனக்கு விசுவாசம் உண்டென்று சொல்லுகிறவனை எப்படி அறிவது என்பது யாக்கோபின் கேள்வி. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றனவே என்று அவர் எச்சரிப்பதும் அதனால்தான்.

யாக்கோபு கொடுக்கிற எடுத்துக்காட்டை இந்த மாவட்டத்தில் எவரும் வேகமாக வாசித்துக் கடந்துபோகக் கூடாது. சகோதரனாவது சகோதரியாவது வஸ்திரமில்லாமல் இருக்கும்போது, வஸ்திரம் கொடாமல் சமாதானத்தோடே போங்கள் என்று சொன்னால் பிரயோஜனம் என்ன என்று அவர் கேட்கிறார். நம் பாட்டிகளின் பாட்டிகள் தங்கள் சாதிப் பெண்களுக்கு மறுக்கப்பட்ட மேலாடையான தோள்சீலையை அணிந்ததற்காகத் தெருவில் அடிபட்டவர்கள். 1859-இல் திருவிதாங்கூர் அரசு அறிவிப்பு வெளியிட்டு, அதுவும் அரைமனதோடு, மேலாடைக்கு இடங்கொடுக்கும்வரை அந்தப் போராட்டம் நீண்டது. அவர்கள் கேட்ட சுவிசேஷம் உடம்பை விட்டுவிட்டு ஆத்துமாவை மட்டும் தேடி வந்திருந்தால், நம் ஆலயங்கள் பல எழும்பியே இருக்காது.

மரண வீட்டில் தீர்ப்புச் சொல்லுதல்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது இந்தத் தவறுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

நம் மாவட்டத்து மரண வீடு எப்படிப்பட்டதென்று எல்லோருக்கும் தெரியும். ஒரே குடும்பத்தில் சி.எஸ்.ஐ. சபையாரும் கத்தோலிக்கரும் இரட்சணிய சேனையாரும் பெந்தெகொஸ்தேயாரும் இருப்பார்கள். அயல்வீட்டு இந்துக்களும் இந்துவாகவே இருக்கும் உறவினர்களும் அதே பந்தலில் உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையில் ஒருபோதும் கிடைக்காத இந்தக் கூட்டத்தைக் கண்டதும், புதிதாகச் செய்தி கொடுக்க வந்தவருக்கு, எல்லாவற்றையும் இன்றே சொல்லிவிட வேண்டும் என்ற வேகம் பிறக்கிறது. அந்த வேகத்தில் பெட்டிக்குள் கிடக்கிறவரையே பாடமாக்கிவிடுகிறார்.

தக்கலைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் ஒரு மூதாட்டியின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு நின்று கூலி இல்லாத நாட்களில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சேர்த்துக் கஞ்சி வைத்தவர் அவர். சபையில் ஏற்பட்ட ஒரு மனத்தாங்கலுக்குப் பிறகு ஆலயத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டிருந்தார். அன்று பேசிய வாலிபர், நம்முடைய நீதிகளெல்லாம் அழுக்கான கந்தை என்ற ஏசாயா 64:6-ஐ வாசித்து, கஞ்சி ஊற்றினால் பரலோகம் கிடைக்காது என்றும், சபையை விட்டு விலகி மரித்த ஆத்துமா இந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டும் என்றும் பேசினார். பெட்டியின் தலைமாட்டில் மகள் உட்கார்ந்திருந்தார். சில வாரங்கள் கழித்து நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணா, எங்க அம்மை எங்க போனாண்ணு அந்தப் பையனுக்கு ஆரு சொன்னா?"

அந்தக் குடும்பம் இன்றுவரை எங்கள் ஆலயத்துக்குத் திரும்பவில்லை. அந்த மகள் கேட்டது சரியான கேள்வி; வேதாகமமும் அதையே கேட்கிறது. மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார் என்று ரோமர் 14:4 கேட்கிறது. கர்த்தர் வருமளவும் யாதொன்றையும் குறித்துத் தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்று 1 கொரிந்தியர் 4:5 கட்டளையிடுகிறது. பிதா நியாயத்தீர்ப்பு முழுவதையும் குமாரனுக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்கிறது யோவான் 5:22. அதில் ஒரு பங்கும் பிரசங்கிக்கு ஒதுக்கப்படவில்லை.

அவர் வாசித்த ஏசாயா வசனத்தையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு ஜெபத்தின் நடுவில் இருக்கிறது. "எங்களுடைய நீதிகள்" என்று ஜனங்கள் தங்கள் நிலையைத் தேவனுக்கு முன்பாகத் தாங்களே அறிக்கையிடுகிற வார்த்தை அது. முழங்காலில் நின்று தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை, மைக்கின் முன் நின்று, பதில் சொல்ல முடியாத ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால், வசனம் ஒரு எழுத்தும் மாறாமல் பொய்யாகிவிடுகிறது.

கடைசி நியாயத்தீர்ப்பைச் சொல்லும் மத்தேயு 25-இல், ராஜாவின் வலதுபுறத்தில் நிற்பவர்களும் இடதுபுறத்தில் நிற்பவர்களும் "ஆண்டவரே, எப்பொழுது" என்று ஒரேவிதமாகக் கேட்கிறார்கள். பசியாயிருந்த சிறியவருக்குக் கொடுத்தது ராஜாவுக்கே கொடுத்தது என்பது கொடுத்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. நியாயந்தீர்க்கப்படுகிறவர்களுக்கே தெரியாததைப் பந்தலில் நிற்கிறவர் அறிந்ததுபோலப் பேசுவது எவ்வளவு பெரிய துணிச்சல்! மேலும், "கர்த்தாவே! கர்த்தாவே!" என்று கூப்பிட்டும் புறம்பே தள்ளப்படுகிறவர்கள் யார் என்று மத்தேயு 7:22 பட்டியல் இடும்போது, அவருடைய நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தவர்களே முதலில் வருகிறார்கள். பேசுகிற நாம்தான் அந்தப் பட்டியலுக்கு மிக அருகில் நிற்கிறோம்.

இதே தவறு மாலை போட்டுக்கொண்டும் வரும். வசதியுள்ள ஒரு மூப்பர் மரித்தால், ஆலயத்துக்கு இடம் எழுதிக்கொடுத்தார், கோபுரம் கட்டினார், எத்தனை கமிட்டியில் இருந்தார் என்று வரிசையாகச் சொல்லி, பரலோகத்தில் அவருக்கு உயர்ந்த இடம் ஆயத்தமாயிருக்கிறது என்று அறிவித்துவிடுகிறார்கள். அவருடைய தோட்டத்தில் வேலை செய்து கூலி பாக்கி நின்ற ஒருவர் பந்தலின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று யாக்கோபு 5:4 சொல்லுகிறது. அந்த மனிதருக்கு நம் பிரசங்கம் கற்றுக்கொடுத்தது, நியாயத்தீர்ப்பையும் பணம் உள்ளவர் தம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்பதைத்தான்.

ஆகவே மரண வீட்டில் பேச அழைக்கப்பட்டால், யோவான் 11:25-26, சங்கீதம் 90, 1 தெசலோனிக்கேயர் 4:13-18 ஆகியவற்றில் ஒன்றை முழுமையாக வாசியுங்கள். மரித்தவர் மூலமாக மற்றவர்கள் பெற்ற நன்மைக்காகத் தேவனுக்கு நன்றி சொல்லுங்கள்; அதை அவருடைய மதிப்பெண்ணாக்க வேண்டாம். நியாயத்தீர்ப்பைச் சொல்ல வேண்டுமானால், கேட்டுக்கொண்டிருக்கிற உயிருள்ளவர்களிடம், உங்களையும் சேர்த்து "நாம்" என்றே சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அதற்குமேல் அந்த வீட்டார் தாங்கமாட்டார்கள்.

பேரிடரைத் தீர்ப்பு என்று அறிவித்தல்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை ஆழிப்பேரலை கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய கரைகளில் ஏறிய பிறகும், 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாத பிறகும், கடற்கரையின்மேல் தேவன் தீர்ப்பை அனுப்பினார் என்று பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு பேசியவர்களை நான் கேட்டிருக்கிறேன். லூக்கா 13-இல் சீலோவாமின் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறித்து, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டார். அப்படியல்ல என்று பதிலும் தாமே சொன்னார். மனந்திரும்புதலைப் பற்றி அவர் பேசியது எதிரே உயிரோடு நின்றவர்களிடம்.

பக்கத்து ஆலயத்தாரின் போதனையைக் கேள்விப்பட்டபடி சொல்லுதல்

கத்தோலிக்கர் கிரியையினால் இரட்சிப்பு என்கிறார்கள், நாம் விசுவாசத்தினால் என்கிறோம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் ஏராளம். நீதிமானாக்கப்படுவதற்கு முன்னே வருகிற எதுவும், விசுவாசமானாலும் கிரியையானாலும், அந்தக் கிருபையைச் சம்பாதிப்பதில்லை என்று 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கமே எழுதிவைத்திருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உலக லூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006-இல் மெதடிஸ்டுகளும், 2017-இல் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியமும் அதில் இணைந்தன. புண்ணியப் பேறு, மரித்தோர் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் போன்றவற்றில் வேறுபாடுகள் நிற்கின்றன. அவற்றைச் சரியாகக் கற்று, சரியாகச் சொல்லுங்கள். 1745-இல் ஞானஸ்நானம் பெற்று, அதைக் கைவிட மறுத்ததற்காக 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட கத்தோலிக்க இரத்தசாட்சி தேவசகாயத்தின் மாவட்டத்தில் நின்றுகொண்டு, அவர்களுக்கு விசுவாசம் தெரியாது என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது.

மத்தேயு 25-ஐக் கட்டட நிதி இரசீதோடு சேர்த்து வாசித்தல்

வேண்டாம்.

சிலுவையில் மனந்திரும்பிய கள்ளனைச் சாக்காக்குதல்

நற்கிரியை ஏதும் செய்யாமலே அவன் இரட்சிக்கப்பட்டானே என்கிறார்கள். ஆனால் தனக்கு மிஞ்சியிருந்த சில மணி நேரத்திற்குள் அவன் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டான், தூஷித்தவனைக் கடிந்துகொண்டான், ஆண்டவரை எல்லார் முன்பாகவும் அறிக்கையிட்டான். அவனைவிட அதிக நேரம் உள்ளவர்கள் குறைவாகச் செய்ய அவனைக் காட்ட முடியாது.

பயந்து நியாயத்தீர்ப்பையே விட்டுவிடுதல்

மேலே சொன்னவற்றைக் கேட்ட சில வாலிபர்கள், இனி அன்பைப் பற்றி மட்டும் பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதுவும் சரியாகாது. உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் வருவார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சபை முழுவதும் எழுந்து நின்று அறிக்கையிடுகிறோம். நாமெல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்திற்கு முன்பாக வெளிப்படவேண்டும் என்று 2 கொரிந்தியர் 5:10-இல் பவுல் எழுதியது விசுவாசிகளுக்கே. ஒருவன் கட்டினது வெந்துபோனாலும் அவன் அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோல இரட்சிக்கப்படுவான் என்று 1 கொரிந்தியர் 3:15-இல் எழுதியவரும் அவரே. அந்த ஆறுதலையும் அந்த இழப்பையும் சேர்த்தே சபைக்குச் சொல்ல வேண்டும். கூலி மறுக்கப்பட்டவருக்கும், அடிபட்டும் சாட்சி சொல்ல ஆளில்லாத பெண்ணுக்கும், தம் வழக்கைக் கேட்க ஒருவர் வருகிறார் என்பது ஆறுதலான செய்தி. அதை அவர்களிடமிருந்து பறித்துவிட நமக்கு அதிகாரம் இல்லை.

இந்தப் பொருளில் செய்தி கொடுக்க முதன்முறையாக ஒப்புக்கொள்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்று காட்டு விருட்சங்களும் கெம்பீரிக்கிற சங்கீதம் 96-இல் தொடங்குங்கள். பிறகு, நியாயந்தீர்க்கிறவர் யார் என்று சொல்லுகிற யோவான் 5:22-24-க்கு வாருங்கள். அதன் பின்னரே மத்தேயு 25:31-46-ஐ, ஒரு வசனமும் விடாமல், மெதுவாக வாசியுங்கள்.